சானி கணவாய்க்கு மேலே ஒரு பஞ்சர்: குளிர்காலப் பயணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இது நான்கு பேர் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து அண்டை நாடான லெசோத்தோவின் மலைக்கு மோட்டார் சைக்கிளில் போன ஒரு ஜூலை மாதப் பயணத்தின் பதிவு. இங்கே ஜூலைதான் குளிர்காலம். நால்வரின் சம்மதத்தோடு எழுதுகிறேன், பெயர்கள் தரவில்லை. பயணத்தை முன்னின்று நடத்தியவன் நான். யாருக்கும் நிரந்தரக் கெடுதல் நேரவில்லை. ஆனால் இன்னும் அரை மணி நேரம் அதே இடத்தில், அதே வேலையைச் செய்துகொண்டிருந்தால் இப்படி எழுத முடிந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பின்னணி

நாங்கள் நால்வரும் தமிழ் பேசுகிறவர்கள். நான் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன். ஃபீனிக்ஸில் முப்பது வருஷமாக வண்டி வேலை பார்க்கும் ஒரு அண்ணன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நர்ஸாக இருக்கும் ஒரு அக்கா. நான்காவது, கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்காக வந்து உம்லாங்காவில் தங்கியிருக்கும் தம்பி. அவருக்கு வயது இருபத்தொன்பது. வண்டி ஓட்டுவதில் எங்களில் அவர்தான் கெட்டிக்காரர், ஆனால் குளிர்காலத்தில் மலை ஏறியதில்லை.

டர்பன்காரர்களுக்குக் குளிர் என்றால் என்னவென்று உண்மையில் தெரியாது. ஜூலையில் பகலில் 23 டிகிரி வரை போகும், விடியற்காலையில் 11, 12. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் "பனியில நிக்காதே" என்று சொல்லித்தான் வளர்த்தார்கள், ஆனால் அவர்கள் சொன்ன பனி புல்லில் இருக்கும் ஈரம். மலையில் உறைந்து கிடக்கும் பனியையும் நாம் அதே சொல்லால்தான் சொல்கிறோம். அதனால்தானோ என்னவோ, அதையும் பாதி விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறோம்.

போக நினைத்த வழி இது: டர்பன், ஹாவிக், புல்வர், அண்டர்பர்க், ஹிமெவில், அங்கிருந்து சானி கணவாய், மேலே லெசோத்தோ எல்லையைத் தாண்டி மொகோட்லாங். அங்கே ஓர் இரவு. சானி கணவாய் 1,544 மீட்டரில் தொடங்கி 2,876 மீட்டரில் முடிகிறது. முன்பு கோவேறு கழுதைகள் சரக்கு ஏற்றிப்போன பாதை இது. கரடுமுரடான கல் பாதை, கொண்டை ஊசி வளைவுகள். சூரியன் வடக்குப் பக்கமாகப் போகும் நாடு இது என்பதால் தெற்கு பார்த்த வளைவுகளில் ஜூலை முழுவதும் வெயில் எட்டிப்பார்க்காது. அதில் ஒன்றுக்கு ஐஸ் கார்னர் என்றே பெயர்.

பைகளில் என்ன இருந்தது, எங்கே இருந்தது

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே சாமான் பட்டியலை அனுப்பியிருந்தேன். முதல் நாள் இரவு எல்லோரும் "எல்லாம் இருக்கு" என்று பதில் போட்டார்கள். நானும் அதை ஏற்றுக்கொண்டேன். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

தம்பியின் வண்டியில் இடப் பக்கப்பெட்டியின் அடியில் டயர் லீவர் (டயரை ரிம்மிலிருந்து நெம்பும் கம்பி) இரண்டு, பம்பு, பேட்ச், சொல்யூஷன், 16 கிராம் காற்று சிலிண்டர் மூன்று, ஸ்பேனர் சுருள் ஆகியவை இருந்தன. கனமான சாமான் தாழ்வாக இருக்க வேண்டும் என்ற விதிப்படி அவர் சரியாகத்தான் வைத்திருந்தார். அதன் மேல் சமையல் அடுப்பு, அரிசி, பருப்புப் பொடி, சார்ஜர்கள். ஜாக்கெட்டின் உள் சட்டை, கம்பளி சாக்ஸ், தடித்த கையுறை எல்லாம் பின்னால் கட்டிய உருளைப் பையின் அடிமட்டத்தில். விடியற்காலை டர்பனில் அவை தேவைப்படவில்லை என்பதால் அங்கே போயின. உடம்பில் பருத்தி பனியன், பருத்தி சாக்ஸ். சீட்டுக்கு அடியில் கம்பெனி வைத்துக் கொடுத்த டூல் பையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பவர் பேங்க் வைத்திருந்தார். முன் ஆக்சிலைக் கழற்றும் 19 மில்லிமீட்டர் அறுகோணச் சாவி அந்தப் பையில்தான் இருந்தது. அது வீட்டு மேசையிலேயே தங்கிவிட்டது.

முன் சக்கரத்துக்கான 21 அங்குல டியூப் எங்கள் நால்வருக்கும் சேர்த்து ஒன்றுதான். அது மெக்கானிக் அண்ணனிடம் இருந்தது.

ஏற்றம்

காலை 5:30க்கு டர்பன். 11 மணிக்கு அடிவாரத்தில் தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடி. கல்லில் பிடிமானம் வேண்டும் என்று அங்கே எல்லோரும் டயர் காற்றழுத்தத்தை 1.4 பார் (bar) அளவுக்கு இறக்கினோம். இதில் தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான்.

ஏற்றத்தில் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். இரண்டாம் கியர், முதல் கியர், வழுக்கல், திரும்பவும் முதல் கியர். தம்பி ஒரு வளைவில் வண்டியைக் கீழே போட்டு, தானே தூக்கி நிறுத்தினார். ஒன்றேகால் மணி நேரம் உடற்பயிற்சி செய்த மாதிரி. மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் கழுத்திலிருந்து ஆவி பறந்தது. பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது.

என் வண்டியின் வெப்பமானி உச்சியில் 4 டிகிரி காட்டியது. 100 மீட்டர் ஏறினால் சுமாராக 0.65 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கடல்மட்டத்தில் 23 என்றால் 2,876 மீட்டரில் அதுதான் வரும். இது வீட்டிலேயே பென்சிலால் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: 5 டிகிரியில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது சுழியத்துக்குக் கீழே 3 டிகிரி மாதிரி.

லெசோத்தோ சாவடியில் முத்திரை, பக்கத்து விடுதியில் சூப்பு. உள்ளே அடுப்பு எரிந்ததால் யாருக்கும் குளிர் உறைக்கவில்லை. அங்கிருந்து தார்ச்சாலை தொடங்குகிறது. அங்கே இரண்டு காரியம் செய்திருக்க வேண்டும்: நனைந்ததை மாற்றுவது, டயருக்குக் காற்றை ஏற்றுவது. இரண்டையும் பேசினோம். "பம்பு அடியில இருக்குங்கண்ணா, பெட்டியவே காலி பண்ணோணும். மொகோட்லாங்குல பாத்துக்கலாங்களா?" என்று தம்பி கேட்டார். சரி என்று சொன்னது நான்தான்.

பஞ்சர்

பிற்பகல் 1:50க்குப் புறப்பட்டோம். கொட்டிசெஃபோலா கணவாய் 3,240 மீட்டர், அதை நோக்கிச் சாலை ஏறுகிறது. அண்ணனும் அக்காவும் முன்னால் போனார்கள். நான் தம்பிக்குப் பின்னால். ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது, மலைச்சரிவிலிருந்து சாலையில் உருண்டு கிடந்த ஒரு கல்லில் தம்பியின் முன் சக்கரம் ஏறியது. டயரில் காற்று குறைவு, வேகம் எழுபது. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல். காற்று முழுவதும் போக ஒரு நிமிடம் ஆகியிருக்கலாம்.

பெட்டியைக் காலி செய்தோம். அரிசிப் பை, அடுப்பு, சார்ஜர் எல்லாம் சாலையோரத்தில். அந்த இடத்தில் காற்று நிற்பதே இல்லை. சும்மா வைத்த ஒரு கையுறை சரிவில் உருண்டு போனது, திரும்பக் கிடைக்கவில்லை. ஆக்சில் சாவி இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து, டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடலாம் என்று இறங்கினோம்.

தம்பி வெறும் கையால் வேலை செய்தார். கையுறை போட்டால் வால்வு நட்டைப் பிடிக்க முடியவில்லை. கீறலைத் தேய்த்து சொல்யூஷன் தடவினார். ஊரில் பஞ்சர் கடையில் ஐந்து நிமிடத்தில் காய்கிற சொல்யூஷன் அங்கே பத்து நிமிடம் ஆகியும் ஈரமாகவே இருந்தது. அதிலுள்ள கரைப்பான் ஆவியாக வெப்பம் வேண்டும். பொறுமை இல்லாமல் பேட்சை அழுத்தினோம். சிலிண்டரைத் திறந்தபோது அதன் உலோகம் நொடியில் வெள்ளையாக உறைந்து, தம்பியின் இரண்டு விரல் நுனி அதில் ஒட்டிக்கொண்டது. இழுத்ததும் தோல் உரிந்தது. காற்று ஏறியது, பேட்சின் ஓரம் கிளம்பியது, காற்று இறங்கியது. இரண்டாவது சிலிண்டரும் அப்படியே போனது. நாற்பது நிமிடம் கழிந்திருந்தது.

கைபேசியில் சிக்னல் இல்லை.

கவனித்தவை

2:40க்கு அண்ணனும் அக்காவும் எங்களைத் தேடித் திரும்பி வந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிய உடனே அக்கா தம்பியைப் பார்த்துவிட்டு என்னிடம், "எவ்வளவு நேரமா இப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

எப்படி என்று எனக்குப் புரியவில்லை. பிறகு யோசித்தபோது ஒவ்வொன்றாக நினைவு வந்தது. டயர் லீவர் மூன்று முறை கையிலிருந்து நழுவியது. வால்வு மூடியை வாயில் வைத்துக்கொண்டே அதைத் தரையில் தேடினார். எதையாவது கேட்டால் பதில் வர நேரம் பிடித்தது, வந்த பதிலும் கொழகொழவென்று இருந்தது. வழக்கமாக மூச்சுக்கு மூச்சு "ங்க" போடுகிறவர் ஒரு தடவை என்னிடம் சுள்ளென்று எரிந்து விழுந்தார். களைப்பு என்று நினைத்தேன். நானும் அதே குளிரில் அதே நேரம் நின்றவன், என் கணிப்பும் மந்தமாகித்தான் இருந்திருக்க வேண்டும். புதிதாக வந்த கண்ணுக்குத்தான் அது தெரிந்தது.

அக்கா அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, "தம்பி, கட்டைவிரலால சுண்டுவிரல தொடு" என்றார். அவர் முயற்சி செய்தார். கட்டைவிரல் மோதிரவிரல் வரைக்கும் போய் நின்றுவிட்டது. மறுபடி முயன்றார். தன் கையையே வேறு யாருடைய கையோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லீங்கக்கா, இப்பக் குளிரே தெரியலைங்க" என்றார். பனியன் மேல் கையை வைத்துப் பார்த்த அக்கா, "ஐஸ் தண்ணியில முக்கின மாதிரி இருக்கு" என்றார்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா. எங்களிடம் தெர்மாமீட்டர் இல்லை. ஆனால் தடுமாறும் கை, இழுக்கும் பேச்சு, குளிர் தெரியவில்லை என்ற நினைப்பு, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எண் தேவையில்லை என்று அக்கா சொன்னார்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதல் முடிவு வேலையை நிறுத்துவது. எனக்கு அதில் தயக்கம் இருந்தது. சூரியன் ஐந்தேகால் வாக்கில் மறைந்துவிடும், எல்லைச் சாவடி 6 மணிக்கு மூடும். இன்னும் கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றியது. நாற்பது நிமிடமாக அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. அக்கா விவாதிக்கவில்லை. "முதல்ல ஆள், அப்புறம் வண்டி" என்று சொல்லி அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

இருநூறு அடி தள்ளி கல்லால் கட்டிய வட்டக் குடிசை ஒன்று இருந்தது. வாசலில் லெசோத்தோ மக்கள் போர்த்தும் பசோத்தோ கம்பளியைத் தோளில் ஊசி குத்திப் போர்த்திய ஒரு மூதாட்டி நின்றார். "லுமேலா, மே" என்று அண்ணன் வணக்கம் சொன்னார். அவர் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு "கேனா, கேனா" என்று உள்ளே அழைத்தார். நடுவில் சாணம் எரிந்துகொண்டிருந்தது. நம் ஊர் வறட்டியேதான். அந்தப் புகை வாசனை பிடித்ததும் தம்பி, "எங்க ஆத்தா வீட்டு வாசமுங்க" என்றார். அவர் தெளிவாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

நனைந்த பனியன், சாக்ஸ் இரண்டையும் கழற்றி, என்னுடைய உலர்ந்த கம்பளி உள்சட்டையைப் போட்டுவிட்டோம். மேலே மூதாட்டியின் கம்பளி. சுடுநீர் ஊற்றிய பிளாஸ்டிக் பாட்டில்களைத் துணியில் சுற்றி இரண்டு அக்குளிலும் வைத்தார் அக்கா. நன்றாக விழுங்க முடிகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு, சர்க்கரை நிறையப் போட்ட தேநீர் கொஞ்சம் கொஞ்சமாக. நான் கையைத் தேய்த்துவிடப் போனேன், தடுத்தார். உறைந்த தோலைத் தேய்த்தால் புண் ஆகும். என் பையில் இருந்த பிராந்தியையும் மறுத்தார். குடித்தால் சூடாவதாகத் தோன்றும், ஆனால் தோலுக்கு ரத்தம் பாய்ந்து உள்ளேயிருக்கும் வெப்பம் வெளியே போகும். பத்து நிமிடத்தில் தம்பிக்கு உடம்பு தூக்கிப்போடுகிற மாதிரி நடுக்கம் வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. அது நல்ல அறிகுறி, உடம்பு மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்றார் அக்கா.

சக்கரத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். ஆக்சில் சாவிக்கு அவர் தன் பையிலிருந்து எடுத்தது 12 மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்று, அதில் இரண்டு நட்டு. அந்தப் போல்ட்டின் தலை 19 மில்லிமீட்டர். தலையை ஆக்சில் குழிக்குள் நுழைத்து, இரண்டு நட்டையும் ஒன்றோடொன்று இறுக்கி, வெளி நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினார். கழன்றது. நூறு கிராம்கூட இருக்காத இந்தச் சாமான் எந்தக் கடைப் பட்டியலிலும் இல்லை, அவருடைய அனுபவத்தில் மட்டும் இருந்தது.

சக்கரத்தைச் சாலையோரத்தில் வைத்து அவர் வேலை செய்யவில்லை. குடிசையின் காற்று படாத சுவரோரம் கொண்டுபோய், டயரின் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் வெயில் பட வைத்தார். புது டியூபை ஜாக்கெட்டுக்குள் வயிற்றோடு வைத்திருந்து இளக்கினார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை நிறுத்திவிட்டு உள்ளே போய் நெருப்பில் கையைக் காட்டிவிட்டு வந்தார். மெல்லிய ரப்பர் கையுறை மேல் வேலைக் கையுறை. "கை சூடா இருந்தா லீவர் ரெண்டு போதும், விறைச்சிட்டா பத்து இருந்தாலும் போதாது" என்றார். கைப் பம்பால் காற்றடித்து, 4:10க்கு முடித்தார்.

இரண்டாவது முடிவு மொகோட்லாங்கையும் விட்டுவிட்டு, அன்றே கீழே இறங்குவதையும் விட்டுவிடுவது. முன்னால் போனால் 3,240 மீட்டர் ஏறி, இருட்டில் இறங்க வேண்டும். பின்னால் போனால் நிழல் வளைவுகளில் பகலில் கசிந்த நீர் மாலையில் மறுபடி உறையும். ஐந்து கிலோமீட்டர் திரும்பி, எல்லையோரத்து விடுதியில் தங்கினோம். தம்பியை வண்டி ஓட்ட விடவில்லை. அவர் என் பின்னால் உட்கார்ந்து வந்தார், அவர் வண்டியை அண்ணன் கொண்டுவந்தார். பிறகு நான் மறுபடி போய் அண்ணனை அவர் வண்டியிடம் விட்டுவந்தேன்.

இரவும் மறுநாளும்

இரவில் வெளியே சுழியத்துக்குக் கீழே 6. காலையில் அக்காவின் வண்டி கிளம்பவில்லை. அது லித்தியம் பேட்டரி. அண்ணன் ஸ்டார்ட்டரை அழுத்தாமல் முகப்பு விளக்கை மட்டும் இரண்டு நிமிடம் போட்டு வைத்தார். சிறு மின்னோட்டத்தில் பேட்டரி உள்ளுக்குள் சூடேறி, மூன்றாவது முயற்சியில் கிளம்பியது.

பத்தரை வரை காத்திருந்து இறங்கினோம். ஐஸ் கார்னரில் கண்ணாடி மாதிரி பத்து அடிக்கு உறைந்து கிடந்தது. அங்கே எஞ்சினை அணைத்து முதல் கியரில் போட்டு, கிளட்சையே பிரேக்காக வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு வண்டியாக நடத்தி இறக்கினோம். ஒரு மணிக்கு அண்டர்பர்க்.

தம்பியின் வலக்கை விரல்களில் இரண்டு, நுனியில் மரத்துப்போன உணர்ச்சி கிட்டத்தட்ட மூன்று வாரம் இருந்தது. பிறகு சரியாகிவிட்டது.

இப்போது மாற்றியிருப்பவை

தம்பி கொண்டுவந்த சாமானில் குறை என்று பார்த்தால் ஒரு சாவி, ஒரு டியூப். மற்றபடி எல்லாம் இருந்தது. கம்பளி இருந்தது, பம்பு இருந்தது. இரண்டும் எடுக்கச் சோம்பல் வருகிற இடத்தில் இருந்தன. பம்பு அடியில் இருந்ததால் காற்று ஏற்றவில்லை, காற்று ஏற்றாததால் டியூப் கிழிந்தது. உள்சட்டை அடியில் இருந்ததால் மாற்றவில்லை, மாற்றாததால் கை விறைத்தது. ஸ்பேனரும் கம்பளியும் வெவ்வேறு பட்டியல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது அவற்றை ஒரே பட்டியலாக எழுதுகிறேன், ஏனென்றால் ஸ்பேனரைப் பிடிக்க வேண்டியது கை.

கனமான சாமான் தாழ்வாகவே இருக்கட்டும், ஆனால் எதையும் தூக்காமல் கை எட்ட வேண்டும். பம்பும் காற்றழுத்தமானியும் தனிச் சிறு பையில் பெட்டி மூடிக்கு நேர் கீழே. உருளைப் பையின் உச்சியில் சிவப்பு நிற நீர்புகாப் பை ஒன்று. அதில் ஒரு மாற்று உள்சட்டை, கம்பளி சாக்ஸ், குரங்குக் குல்லா, தடித்த கையுறை, மெல்லிய ரப்பர் கையுறை இரண்டு ஜோடி. கணவாய் உச்சியில் முதல் வேலை சட்டை மாற்றுவது, சூப்பு அதற்குப் பிறகு. பருத்தி எதுவும் உடம்பை ஒட்டி இருக்கக்கூடாது. நனைந்த கம்பளி ஓரளவு சூடு காக்கும், நனைந்த பருத்தி இருக்கிற சூட்டையும் உறிஞ்சிவிடும்.

ஒவ்வொரு வண்டியிலும் 21 அங்குல டியூப் ஒன்று. அவசரத்துக்கு அதைப் பின் சக்கரத்திலும் போட்டு மெதுவாக ஊர் சேரலாம், பின் டியூபை முன்னால் போட முடியாது. சிலிண்டர் இருந்தாலும் கைப் பம்பு கட்டாயம். குளிரில் பேட்சை நம்புவதில்லை, டியூபையே மாற்றுவது, ஒட்டுவதை அறைக்குள் வைத்துக்கொள்வது. தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் காற்று ஏற்றாமல் யாரும் கிளம்பக்கூடாது. யாராவது ஒருவர் சாலையோர வேலையில் இறங்கினால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கட்டைவிரல், சுண்டுவிரல் சோதனையை வேறொருவர் செய்து பார்க்க வேண்டும். முன்னால் போகிறவர்கள் ஒவ்வொரு பத்து கிலோமீட்டருக்கும் நின்று பின்னால் வருகிறவர்களைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

பட்டியலுக்கு "எல்லாம் இருக்கு" என்ற பதிலை இப்போது ஏற்பதில்லை. புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு எல்லோரும் சாமான் கட்டிய வண்டியோடு என் வீட்டுக்கு வர வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, வண்டியில் இருக்கும் சாமானை மட்டும் வைத்து முன் சக்கரத்தைக் கழற்றி, டியூபை எடுத்து, மறுபடி மாட்ட வேண்டும். செப்டம்பரில் முதல் தடவை செய்தோம். தம்பி 38 நிமிடத்தில் முடித்தார். அக்காவின் வண்டியில் டயர் லீவர் குட்டையாக இருந்தது, மாற்றினோம். மெக்கானிக் அண்ணன் நான்கு போல்ட்டும் எட்டு நட்டும் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கு ஒரு ஜோடியாக, அவரவர் ஆக்சிலில் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.